மூன்று மீட்டர் ஆயுள்

அது பிறக்கிற இடம் கூட்ட மேசைக்குப் பின்னால், டிவிக்கு அடியில் மாட்டிய கறுப்புப் பெட்டி. மின்சாரம் வந்து பெட்டி கண்விழிக்கும்போது அதற்குச் சொந்த ஐபி முகவரி கிடையாது. எந்த வலையமைப்பில் சேர வேண்டும் என்பதும் தெரியாது. சென்னையை அழைப்பதா தில்லியை அழைப்பதா என்பதெல்லாம் அப்புறம். முதல் வேலையாக, தான் யார், எந்த மாடல், என்ன வேலைக்கு வந்திருக்கிறது என்ற விவரங்களைச் சில நூறு பைட்டுக்குள் கட்டி, முதுகில் செருகியிருக்கும் கேபிளில் தள்ளிவிடுகிறது. அப்படிக் கட்டியதை நெட்வொர்க் வேலை பார்க்கிறவர்கள் ஃபிரேம் என்பார்கள். இந்தக் குறிப்பிட்ட ஃபிரேமின் மொழிக்கு எல்எல்டிபி என்று பெயர். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தானாகக் கண்டுகொள்வதற்கான நெறிமுறை அது.

கேபிளின் நீளம் மூன்று மீட்டர் என்று வைத்துக்கொண்டால், செம்புக் கம்பியில் அது ஓடுகிற நேரம் சுமார் 15 நானோநொடி. ஒரு நொடியை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் பதினைந்து கூறு. மறுமுனையில், கேபிள்களை ஒன்றுசேர்க்கும் சுவிட்ச் அதை வாங்கிப் படிக்கிறது, அத்தோடு அதன் கதை முடிந்தது. பெறுநர் இடத்தில் 01-80-சி2-00-00-0இ என்ற ஒரு முகவரி எழுதியிருக்கும். இந்த முகவரிக்கு வந்ததை அடுத்த போர்ட்டுக்குத் தள்ளிவிடக் கூடாது, வந்த இடத்திலேயே தீர்த்துவிட வேண்டும் என்பது விதி. காணொலிக் காட்சி என்று நாம் சொல்லும் அத்தனை பெரிய ஏற்பாட்டில் இவ்வளவு குறுகிய பயணம் வேறெதற்கும் இல்லை. ஆனால் படம் உறைந்து நிற்கும் கூட்டங்களில் முக்கால்வாசிக்குக் காரணம் கடலிலோ ஆகாயத்திலோ இல்லை, இந்த மூன்று மீட்டருக்குள்தான் இருக்கிறது என்பது இந்தத் தொழிலில் இருக்கிற என் அபிப்பிராயம்.

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் தருவைகுளம், பட்டினமருதூர் என்று வரிசையாகக் கடலோர ஊர்கள். வைப்பாறு கடலில் சேரும் பக்கத்தில் கீழவைப்பார், அதை ஒட்டியே சிப்பிகுளம். உப்பளமும் உடைமரமும் மாறிமாறி வரும் வழி. நம் கறுப்புப் பெட்டி இருப்பது இந்தப் பக்கத்தில்தான். முத்துக்குளித்தல் நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. சங்கு எடுக்கக் கடலில் மூழ்குகிறவர்கள் இன்னும் இந்தக் கரையில் இருக்கிறார்கள். கயிறு கட்டி மூழ்கிய காலத்தில் கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டினால் வள்ளத்தில் கயிறு பிடிக்கிறவர் கைக்கு அது தெரியும், அவர் தூக்கிவிடுவார். அந்தச் சுண்டல் கயிற்றின் நீளத்துக்கு மேல் ஒரு விரற்கடைகூடப் போகாது, போக வேண்டியதுமில்லை. நம்முடைய ஃபிரேமும் அப்படித்தான். இரண்டு பேருக்கு நடுவில் ஒரு சைகை.

தூரம் என்பது ஒரு காலத்தில் உண்மையிலேயே தொல்லையாக இருந்தது. இதே மன்னார் வளைகுடாவின் வட முனையில், ராமேசுவரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம் 2004 அக்டோபர் 18 அன்று பிரதமரோடு நேருக்கு நேர் பேசிய ஊர்களில் ஒன்று. இஸ்ரோவும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய கிராம வள மையங்களின் முதல் தொகுதியில் திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் மூன்றும் இருந்தன. அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் தில்லியிலிருந்து காணொலி வழியே அவற்றைத் தொடங்கிவைத்தார். படம் போனது செயற்கைக்கோள் வழியாக. பூமியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிற செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்க ஒளிக்குக் கால் நொடி பிடிக்கும். கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி. எதிரே இருப்பவர் யோசிக்கிறாரா, இல்லை கோபமாக இருக்கிறாரா என்று சந்தேகம் வர அந்த அரை நொடி போதும்.

இப்போது கண்ணாடி இழை வந்துவிட்டது. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு 600 கிலோமீட்டர் இழை என்று கணக்குப் போட்டால் ஒளி மூன்று மில்லிநொடியில் போய்ச் சேர்ந்துவிடும். தூத்துக்குடி கரையிலிருந்து கடலுக்கடியில் இலங்கையின் கல்கிசை வரைக்கும் 300 கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாரத் லங்கா கேபிள், பிஎஸ்என்எல்லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் போட்டது, 2006இலேயே வேலைக்கு வந்துவிட்டது. ஊராட்சிகளை இழையால் இணைக்கும் பாரத்நெட் பணிக்குத் தமிழ்நாட்டில் தனி நிறுவனமே இருக்கிறது. முதலமைச்சர் தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்தபடி எங்கோ ஒரு மீன் இறங்குதளத்தையோ பள்ளிக் கட்டடத்தையோ காணொலியில் திறந்துவைப்பது செய்தித்தாளில் தினப்படிச் செய்தி. காவல் நீட்டிப்புக்குக் கைதியை வேனில் ஏற்றிக்கொண்டு போகாமல் சிறையிலிருந்தே நீதிபதி முன் காட்டலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2008இல் திருத்தம் வந்தது. 2020இல் கொரோனா வந்தபோது சென்னை உயர் நீதிமன்றம் காணொலி விசாரணைக்கென்றே விதிகள் வகுத்தது. திரையின் முன் ஒரு மனிதரின் காவல் நாட்கள் முடிவாகும்போது படம் ஆடுவதைச் சாதாரண விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, ஃபிரேமின் குலத்தைக் கொஞ்சம் பார்க்கலாம்.

ஈதர்நெட் என்ற கருத்தை ராபர்ட் மெட்காஃப் 1973 மே மாதம் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒரு குறிப்பாக எழுதினார். ஒரே கம்பியில் எல்லாரும் பேசலாம், எல்லாரும் கேட்கலாம் என்பது அதன் ஆரம்பகால அமைப்பு. அலுவலகங்கள் பெருத்து, சுவிட்சுகள் பெருத்தபோது யாருடைய கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்பதே தெரியாமல் போனது. 1994இல் சிஸ்கோ தன் கருவிகள் ஒன்றையொன்று அடையாளம் காண சிடிபி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 60 நொடிக்கு ஒரு தரம் ‘நான் இன்னார்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். மற்றக் கம்பெனிகளும் தங்களுக்கென்று ஒவ்வொன்று வைத்துக்கொண்டன. ஒரே ரேக்கில் மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு சுவிட்சுகள், வெவ்வேறு கம்பெனி என்பதால், ஒன்றுக்கொன்று அந்நியர். 2005இல் ஐஇஇஇ அமைப்பு 802.1ஏபி என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. எல்எல்டிபி அதுதான். 30 நொடிக்கு ஒரு தரம் பேசும். அது சொன்னதை 120 நொடி வரை பக்கத்துக் கருவி ஞாபகம் வைத்திருக்கும்.

வெறும் அறிமுகம் மட்டும் போதாது என்று சொன்னவர்கள் டெலிபோன்காரர்கள். மேசைமேல் ஐபி போன், அதன் பின்னால் கணினி, சுவருக்குப் போவதோ ஒரே கேபிள். போனின் குரல் ஒரு தனி வழியிலும் கணினியின் போக்குவரத்து இன்னொரு வழியிலும் போக வேண்டும். போன் எந்த வழியில் போக வேண்டும் என்பதை யார் அதற்குச் சொல்வது? ஒவ்வொரு போனாகத் திறந்து எண் அடித்துக்கொண்டிருக்க முடியுமா? 2006இல் அமெரிக்கத் தொலைத்தொடர்புத் துறைச் சங்கம் எல்எல்டிபியின் மேல் எல்எல்டிபி-மெட் என்ற கிளையைச் சேர்த்தது. அதில் பயன்பாட்டு வகைகளுக்கு எண் உண்டு. 1 என்றால் குரல். 6 என்றால் காணொலிக் கூட்டம். 7 ஒருவழியாக ஓடும் வீடியோ. நம்முடைய கறுப்புப் பெட்டிக்கு ஆறாம் எண் கிடைத்தது அப்படித்தான்.

தனி வழி என்றேனே, அதுதான் வி-லேன். ஒரே சுவிட்சுக்குள் பல சுவிட்சுகள் இருப்பது போன்ற பாவனை. இதற்கான 802.1கியூ தரம் 1998இல் வந்தது. ஈதர்நெட் ஃபிரேமின் நடுவில் டேக் என்ற நான்கு பைட்டைச் செருகுகிறார்கள். அதில் 12 பிட் வி-லேன் எண்ணுக்கு. 12 பிட்டில் 4,096 எண் எழுதலாம், முதலும் கடைசியும் ஒதுக்கியது போக 4,094 மிச்சம். இன்னொரு மூன்று பிட் முன்னுரிமைக்கு. வழக்கமாகக் குரலுக்கு 5, வீடியோவுக்கு 4. கோப்பு அனுப்புகிறவர்களும் அரட்டை அடிக்கிறவர்களும் பூஜ்யத்தில். ஓர் அலுவலகத்தில் யாராவது பெரிய கோப்பை இறக்கினால் கூட்டத்தில் இருப்பவரின் உதடு அசைந்து அரை நொடி கழித்துச் சத்தம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் வீடியோவை முன்னால் விடச் சொல்வதற்குத்தான் இந்த மூன்று பிட்.

இனி அந்த மூன்று மீட்டருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். கறுப்புப் பெட்டி தன் ஃபிரேமை அனுப்புகிறது. சுவிட்ச் அதுவரை சாதாரண எல்எல்டிபிதான் பேசிக்கொண்டிருந்திருக்கும். எதிரே இருப்பது மெட் பேசத் தெரிந்த கருவி என்று தெரிந்த பிறகுதான் அதுவும் மெட் பேசத் தொடங்கும். 30 நொடி காத்திருக்காமல் நொடிக்கொன்றாக மூன்று நான்கு ஃபிரேமை அடுத்தடுத்து அனுப்பிவிடும். அந்தப் பதிலில் மற்ற விவரங்களுக்கு நடுவே வெறும் நான்கு பைட். முதல் பைட்டில் 6. அடுத்து டேக் போட்டு அனுப்பு என்பதற்கு ஒரு பிட். வி-லேன் எண்ணுக்கு 12 பிட், 30 என்று வைத்துக்கொள்வோம். முன்னுரிமை 4. அப்புறம் ஐபி அளவில் போட வேண்டிய முத்திரைக்கு ஆறு பிட், வீடியோவுக்குப் பெரும்பாலும் 34. இங்கே சொல்லாத இரண்டு பிட்டையும் சேர்த்து மொத்தம் 32 பிட். கருவியை இயக்கும் மனிதர் கேபிளைச் செருகியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

பெட்டி இதைப் படித்ததும், அவசரத்தில் வேறு வி-லேனில் ஏதாவது முகவரி வாங்கியிருந்தால் அதை விட்டுவிட்டு, 30ஆம் எண் டேக்கைக் கட்டிக்கொண்டு மறுபடி முகவரி கேட்கும். டிஎச்சிபி சர்வர் அந்த வழிக்கென்று வைத்திருக்கும் முகவரிகளில் ஒன்றைத் தரும். பிறகுதான் பதிவு, அழைப்பு, படம். 1080 தரத்தில் ஓர் அழைப்புக்கு இரண்டிலிருந்து நான்கு எம்பிபிஎஸ் வேண்டும். நொடிக்கு முந்நூறு சொச்சம் பாக்கெட் கிளம்பும். அந்த டேக் அலுவலகத்து ரவுட்டர் வாசலிலேயே கழன்றுவிடும். கீழவைப்பாரின் 30க்குச் சென்னையில் எந்த அர்த்தமும் இல்லை. 34 என்ற முத்திரைதான் ஐபி தலைப்பில் ஒட்டிக்கொண்டு கூடவே போகும். அதை மதிக்கிற வலையமைப்பு இருக்கிற தூரம் வரை அதற்கு மரியாதை.

எல்லாம் தானாக நடந்துவிட்டால் எங்களுக்கு வேலை ஏது.

இந்தக் கடலோரத்தில் ஓர் அலுவலகம். சங்கப் பிரதிநிதிகள் வந்து உட்கார்ந்தாயிற்று. எதிர்முனையில் அதிகாரி பேசுவது கேட்கிறது, அவருக்கு இங்கே இருப்பவர்கள் தெரியவில்லை. “சவுண்டு வருது, நம்ம படம் அங்க போவலன்னு சொல்றாவ” என்றார் அலுவலக உதவியாளர். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், “தம்பி, மத்தியானத்துக்குள்ள லைன் கிடைச்சிருமா? காத்து ஏறுறதுக்கு முன்ன கரைக்குப் போணும்” என்றார். “இந்தா ஆச்சு அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுக் குனிந்தேன். பெட்டியின் திரையில் ஐபி முகவரி இருந்தது, அதனால் நெட் இருக்கிறது என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். ஆனால் அது கணினிகளுக்கான வழியின் முகவரி. அந்த வழியில் ஃபயர்வால் அழைப்பு எழும்புவதை விட்டுவிடும், வீடியோ போகும் யுடிபி போர்ட்டுகளை ஒரு பக்கமாக அடைத்திருக்கும். அழைப்பு சேரும், படம் சேராது. மேசைக்கு அடியில் தவழ்ந்து போனால் காரணம் கிடைத்தது. பிரிண்டருக்கு போர்ட் போதவில்லை என்று யாரோ ஐந்து போர்ட் உள்ள சின்ன சுவிட்ச் ஒன்றை நடுவில் செருகியிருந்தார்கள். மேனேஜ்மெண்ட் இல்லாத சுவிட்ச், கடைகளில் மலிவாகக் கிடைப்பது. விதியை மதிக்கிற சின்ன சுவிட்ச் என்றால் எல்எல்டிபியை அங்கேயே விழுங்கிவிடும். மதிக்காத சுவிட்ச் என்றால் தள்ளிவிடும், எல்லாமே வேலை செய்கிற மாதிரி ஒரு பிரமை கிடைக்கும். இது விதியை மதிக்கிற ரகம். ஃபிரேம் பிறந்த ஒரு மீட்டரிலேயே செத்துப் போயிருந்தது. அந்தச் சுவிட்சைக் கழற்றி பெட்டியை நேராகச் சுவரில் செருகியதும் படம் போய்விட்டது. பிரிண்டர் அன்று முழுக்க வேலை செய்யவில்லை, அது வேறு வழக்கு.

இந்தக் கரையில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தால் எட்டு ஊசியில் இரண்டு மூன்றின்மேல் பச்சைக் களிம்பு படர்ந்திருக்கும். தங்கப் பூச்சு மெலிசு. ஒரு கீறல் விழுந்தால் கீழே இருக்கும் உலோகத்தை உப்பு தின்னத் தொடங்கிவிடும். கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். ஒரு ஜோடி போனால் சில கருவிகள் தாமாகவே 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கி இரண்டு ஜோடியில் ஓடும். ஒரு காணொலிக் கூட்டத்துக்கு அது தாராளம். வேகம் குறைவதைவிட இணைப்பு விட்டுவிட்டு வருவதுதான் தொல்லை. ஒவ்வொரு தடவை அறுந்து சேரும்போதும் அறிமுகம், வி-லேன், முகவரி என்று முதலிலிருந்து தொடங்கும். கூட்டம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ‘கட்’ ஆனால் நான் மென்பொருளைத் தொடுவதே இல்லை. முதலில் அந்த எட்டு ஊசியைப் பார்ப்பேன். ஏசி அறைக்குள் இருக்கிற கேபிள்தானே என்று நினைக்கக் கூடாது. ஜன்னல் திறந்தே கிடக்கும் அறைகளில்தான் பாதிக் கூட்டம் நடக்கிறது.

மூன்றாவது எதிரி அதிகம் தெரிந்த ஆள். தானாக வேலை செய்வதை நம்பாமல், பெட்டியின் அமைப்புக்குள் போய் எல்எல்டிபியை அணைத்துவிட்டு வி-லேன் எண்ணைக் கையால் அடித்துவைப்பவர். அந்த அறையில் அது பிரமாதமாக ஓடும். ஆறு மாசம் கழித்துப் பெட்டியைக் கழற்றி இன்னொரு கட்டடத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே 30 இல்லை, 120. பெட்டி பிடிவாதமாக 30 என்று டேக் கட்டி அனுப்பும். அங்கிருக்கும் சுவிட்ச், இந்த எண் இங்கே இல்லை என்று சத்தமில்லாமல் தூக்கிப் போடும். பெட்டி பழுது என்று சர்வீசுக்குக் கூட அனுப்பிவிடுவார்கள். கையால் அடித்த எண்ணுக்கும் இடம் உண்டு என்பதை மறுக்கவில்லை. சுவிட்ச் மெட் பேசாத பழைய ரகம் என்றால், அல்லது ஆறாம் எண்ணுக்கென்று தனிக் கொள்கை அறிவிக்கத் தெரியாமல் குரலுக்கு மட்டும் அறிவிக்கிற ரகம் என்றால் வேறு வழியில்லை. சில பெட்டிகள் குரலுக்கான அறிவிப்பையே எடுத்துக்கொள்ளும், சில எடுத்துக்கொள்ளாது. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆனால் டெண்டரில் கேமரா எத்தனை மடங்கு ஜூம் என்பதைத்தான் எழுதுகிறார்கள்.

ஃபிரேமுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. யார் கேட்டாலும் பேசும். கடவுச்சொல் கிடையாது, நீ யார் என்று எதிராளியைக் கேட்காது. கூட்ட அறையில் பெட்டியின் கேபிளைப் பிடுங்கி ஒரு மடிக்கணினியில் செருகி, நானும் காணொலிக் கருவிதான் என்று பொய் சொன்னால் சுவிட்ச் அதே நான்கு பைட்டை அதற்கும் கொடுக்கும். மாடல், மென்பொருளின் பதிப்பு, நிர்வாக முகவரி என்று உள்விஷயமும் அதில் போகிறது. 2020 பிப்ரவரியில் ஆர்மிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் சிஸ்கோவின் சிடிபியை வாசிக்கும் மென்பொருளில் ஐந்து ஓட்டைகளை வெளியிட்டது. தவறாகக் கட்டிய ஒரு அறிமுக ஃபிரேமை அனுப்பியே போனையோ சுவிட்சையோ கைப்பற்றலாம், கோடிக்கணக்கான கருவிகள் அந்த நிலையில் இருக்கின்றன என்றது. அதற்கான திருத்தம் வந்துவிட்டது, எத்தனை அலுவலகத்தில் அதைப் போட்டார்கள் என்பதை அந்தந்த அலுவலகம்தான் சொல்ல வேண்டும். நான் செய்வது எளிது. வரவேற்பறை, நூலகம், யாரும் வந்து செருகக்கூடிய நடைபாதை போர்ட்டுகளில் எல்எல்டிபியையும் சிடிபியையும் அணைத்துவிடுவேன். கூட்ட அறைப் போர்ட்டில் விட்டுவைப்பேன், அங்கே 802.1எக்ஸ் வைத்து யார் என்று உறுதி செய்த பிறகே வழி திறக்கும்படி செய்வேன். காணொலி வி-லேனிலிருந்து கணக்குப் பிரிவின் கணினிக்குப் போக முடியாதபடி நடுவில் சுவர் எழுப்புவேன். வி-லேன் எண் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு பாதுகாப்பாக இருப்பதாக நம்புகிறவர்களிடம் வாதிடுவதில்லை.

ஃபிரேம் மூன்றாவது மீட்டரில் செத்துவிட்டாலும் அது சொன்ன சேதி சாகாது. சுவிட்ச் அதைத் தன் பட்டியலில் எழுதிவைக்கிறது: ஏழாம் போர்ட், இன்ன மாடல், இன்ன பெயர், 120 நொடி செல்லும். ஒவ்வொரு புது ஃபிரேம் வரும்போதும் அந்த 120 மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓடும். எஸ்என்எம்பி என்ற மேலாண்மை நெறிமுறை வழியாக அந்தப் பட்டியலை வெகுதூரத்திலிருந்தும் படிக்கலாம். கீழவைப்பார் பக்கத்து ரேக் ஒன்றில் இருக்கும் சுவிட்சைத் தூத்துக்குடியில் உட்கார்ந்து திறந்தால், எந்தப் போர்ட்டில் எந்தக் கருவி இருக்கிறது என்று வரைபடமாகவே வந்துவிடும். அதனால்தான் இப்போது கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி முன்னால் நான் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவது. ஏழாம் போர்ட்டில் கறுப்புப் பெட்டியின் பெயர் இல்லாமல் வேறு எதுவோ இருந்தால், அங்கே இருக்கும் காவலாளிக்கு போன் போட்டு, டீ கெட்டிலுக்காகவோ பிரிண்டருக்காகவோ யார் எதைப் பிடுங்கினார்கள் என்று மட்டும் கேட்பேன். பாதி நாள் அவரே செருகிவிட்டு, “சார், இப்ப பாருங்க” என்பார்.